கேஸ் ஷீட்டை யார் படிப்பது?

பல ஆண்டுகளுக்கு முன், மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் நடந்த ஒரு குறுக்கு விசாரணை. பித்தப்பை ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கு. கூண்டில் சர்ஜன். எதிரே கேஸ் ஷீட்டின் ஜெராக்ஸைக் கையில் பிடித்தபடி நோயாளி தரப்பு வக்கீல். மூன்றாம் நாள் மாலைக் குறிப்பில், வயிறு என்று எழுதி அதற்கு நேரே மூன்று எழுத்துகள்: என்.ஏ.டி.

“இது என்ன டாக்டர்?”

“நோ அப்நார்மாலிட்டி டிடெக்டட். கோளாறு எதுவும் தென்படவில்லை என்று அர்த்தம் சார்.”

வக்கீல் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அங்கேயே நின்றிருக்க வேண்டும். பத்துப் பக்கம் தள்ளி, நர்ஸ் எழுதிய டெம்பரேச்சர் சார்ட்டில் அதே மாலை ஆறு மணிக்குக் காய்ச்சல் 102. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: வயிறு வலி அதிகம் என்கிறார், டியூட்டி டாக்டரிடம் சொல்லப்பட்டது. ஒரே மாலையைப் பற்றி இரண்டு பக்கங்கள் இரண்டு கதை சொல்லின. வழக்கு முழுவதும் அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில்தான் கிடந்தது. என்.ஏ.டி. என்பதற்கு ஹவுஸ் சர்ஜன்களிடையே வேறொரு விரிவும் உண்டாம்: ‘நாட் ஆக்சுவலி டன்’, அதாவது தொட்டே பார்க்கவில்லை. வழக்கு தோற்றுப் பல மாதம் கழித்து ஒரு டாக்டர் நண்பர் டீக்கடையில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வக்கீல் நான்தான்.

சர்ஜன் பக்கமும் ஒன்றும் சுத்தமில்லை. கேஸ் ஷீட் நகல் கேட்ட குடும்பத்தை நாலு மாதம் அலையவிட்டிருந்தார். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அப்படி ஒரு விதி இருப்பதே அவருக்குத் தெரியாது. ‘கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொடுக்காமல் இருப்பதே தனக்கு எதிராகப் பேசும் என்று சொல்ல ஆள் இல்லை. அன்று அந்த அறையில் இரண்டு பட்டதாரிகள் நின்றோம். ஒருவருக்கு உடம்பு தெரியும், சட்டம் தெரியாது. இன்னொருவருக்குச் சட்டம் தெரியும், தாளில் இருந்த உடம்பைப் படிக்கத் தெரியாது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் ஒரு மேல்படிப்பு வேண்டும் என்பது அன்றிலிருந்து என் எண்ணம்.

1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் ‘சேவை’தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மட்டும் விலக்கு. 2019இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபோது, சேவைகளின் பட்டியலில் மருத்துவம் என்ற சொல் இல்லை, ஆகவே நாங்கள் தப்பித்தோம் என்று மருத்துவர் அமைப்பு ஒன்று வழக்காடிப் பார்த்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆக, முப்பது ஆண்டுகளாக டாக்டரும் வக்கீலும் ஒரே கூரையின் கீழ் மோதிக்கொண்டிருக்கிறார்கள். மோதலுக்கு முன்னால் சந்திக்க அவர்களுக்கு ஒரு வகுப்பறை கிடையாது.

எம்.பி.பி.எஸ். படிப்பில் சட்டம் என்றால் தடய மருத்துவம். குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது, எந்தப் பக்கம் வெளியேறியது, பிணம் எத்தனை மணி நேரத்தில் விறைக்கும், எந்த விஷத்துக்கு என்ன நிறம். தேவையான படிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் தன் வாழ்நாளில் கையாளும் ஆயிரம் பேரில் செத்துப்போய் மேசைக்கு வருபவர் சிலர். உயிரோடு வரும் மற்றவர்களோடு அவருக்குள்ள சட்ட உறவைப் பற்றி அவர் படிப்பது சொற்பம். சட்டக் கல்லூரியோ இன்னும் மோசம். ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியைக்கூடக் கண்ணால் பார்க்காமல் பட்டம் வாங்கி, கோட்டு மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். நான் அப்படி வந்தவன்.

இத்தனைக்கும், மருத்துவத்தைச் சுற்றி இன்று நிற்கும் சட்டங்களின் எண்ணிக்கை கொஞ்சமில்லை. ஒரு மகப்பேறு மருத்துவரின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்கேன் அறை: கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதன் ‘எஃப்’ படிவத்தைச் சரியாக நிரப்பாமல் விடுவது வெறும் எழுத்தர் பிழை, அதைக் குற்றமாக்கக் கூடாது என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019இல் தோற்றது. பதினொரு மணிக்குக் கருக்கலைப்பு கேட்டு ஒரு பெண் வருகிறார்: 1971ஆம் ஆண்டுச் சட்டம், 2021இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை என்று நீண்டிருக்கிறது. மதியம் குழந்தையில்லாத தம்பதி: 2021இலேயே வந்த வாடகைத்தாய்ச் சட்டமும் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும். மாலையில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, கர்ப்பிணியாக. இந்தக் கடைசி ஆளைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

முதலில் சென்னை எழும்பூரில் 1996 ஆகஸ்ட் மாதக் கடைசியில் பிறந்த ஒரு குழந்தை. 29ஆம் வாரத்திலேயே பிறந்துவிட்டது, எடை 1,250 கிராம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மூன்றரை வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவ்வளவு குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜனில் இருந்த குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரலாம். பிறந்த சில வாரங்களுக்குள் கண் டாக்டர் பார்த்தால் தடுக்கலாம். விட்டால் பார்வை போய்விடும். அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. செய்துகொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தைக்கு நான்கரை மாதம் ஆனபோது மும்பையில் ஒரு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பெற்றோர் விடவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், வரப்போகும் ஆண்டுகளின் விலைவாசி ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்து, பழைய செலவு புதிய செலவு எல்லாமாகச் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. குழந்தை பிறந்து அப்போது ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள்.

மருத்துவ அலட்சியத்துக்குப் பாடம் என்று கருத்தரங்குகளில் இந்த வழக்கைச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்று உறைக்கிறது. இன்குபேட்டரில் வைத்து அந்தக் குழந்தையின் உயிரைக் காப்பாற்றியவர்கள் வேலை தெரியாதவர்கள் அல்ல. தவறியது ஒரு வாக்கியம்: ‘இன்ன தேதிக்குள் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.’ டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த வாக்கியம் இருந்தே ஆக வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. இல்லையென்றால் அதன் விலை என்ன என்று சட்டம் சொல்கிறது. இரண்டையும் அறிந்த ஒருவர் அந்த டிஸ்சார்ஜ் சீட்டின் படிவத்தையே மாற்றி அச்சடித்திருப்பார். குறைமாதக் குழந்தை என்றால் கண் பரிசோதனைத் தேதிக்கு ஒரு கட்டம், நிரப்பாமல் வெளியே விடாதே என்று. மேல்படிப்பு என்று நான் கேட்பது இதைத்தான். வழக்கு ஜெயிக்கும் வித்தையைவிட, வழக்கே வராமல் ஒரு கட்டம் போடும் புத்தி.

சம்மதக் கையெழுத்துக்கு வருகிறேன். என் அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு படிவத்தை நீட்டினார்கள். ஆங்கிலம், ஒரே பக்கம், எறும்பு எழுத்து. ‘எந்தச் சிகிச்சைக்கும், எந்த விளைவுக்கும், யாரும் பொறுப்பல்ல’ என்பதுதான் அதன் சாரம். நீதிமன்றத்தில் இரண்டு நிமிடம் நிற்காத தாள் என்று வக்கீலாக எனக்குத் தெரியும். மகனாகக் கையெழுத்துப் போட்டேன். அப்பா பக்கத்துக் கட்டிலில் முழு நினைவோடு விழித்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் வெட்கம்.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சம்மதம் என்பது ‘அட்டெண்டர்’ கையெழுத்து. மகன், அண்ணன், மாமனார், யார் கிடைக்கிறாரோ அவர். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்த ஒரு டெல்லி வழக்கைப் பாருங்கள். மாதவிடாய்க் கோளாறு என்று வந்த 44 வயதுப் பெண், லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு மயக்கம் கொடுத்துப் படுக்கவைக்கப்பட்டார். உள்ளே பார்த்த டாக்டர், கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்று முடிவு செய்தார். உதவியாளர் வெளியே வந்து அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் போயின. வயதுக்கு வந்த, சுயநினைவு திரும்பப்போகிற ஒரு பெண்ணின் உடம்புக்கு அவள் அம்மாகூடச் சம்மதம் தர முடியாது, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் வேறு விஷயம் என்றது தீர்ப்பு. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குச் செல்லாது என்றும் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பெரிய கொள்கையைச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்ன இழப்பீடு 25,000 ரூபாய்.

தீர்ப்பு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மாமனார்கள் இன்னும் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தீர்ப்பு சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. படிவம் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் கட்டுக் கட்டாக இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழி போட்டுத் தருவது யாருடைய வேலை என்று இன்னும் முடிவாகவில்லை.

அந்தப் பதினேழு வயதுப் பெண். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கர்ப்பத்தைப் பதிவு செய்ய வருகிறாள். ‘பிக்மி’ எண் வாங்காவிட்டால் நாளைக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் மஞ்சள் கயிறு, கூட மாமியார். கிராம சுகாதார செவிலியர் ஆதார் அட்டையில் பிறந்த தேதியைப் பார்க்கிறார். போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவு, தகவல் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. கொடுத்தால் புருஷன் உள்ளே போவான், அடுத்த முறை அந்தத் தெருவிலிருந்து இப்படி ஒரு பெண் வந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள், வீட்டிலேயே பெற்று ரத்தம் போய்ச் சாவாள். 2022 செப்டம்பர் 29 அன்று கருக்கலைப்பு பற்றிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது: கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் பெயர், அடையாளத்தை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் விடலாம் என்பதை அந்தச் செவிலியருக்கு யார் சொல்வது? கருக்கலைப்புக்கு அல்லாமல் பிரசவத்துக்கு வருபவளுக்கு அந்தக் கதவு திறக்குமா? போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரிடம் அவர் என்ன வாதாடுவார்? மருத்துவர்களுக்கும் வக்கீல்களுக்கும் என்று மட்டும் இந்தப் படிப்பை வைத்தால் போதாது என்று நான் சொல்வது இவரை நினைத்துத்தான். சட்டத்தின் முனை முதலில் குத்துவது செவிலியரைத்தான்.

மருத்துவச் சட்டம் என்றும் சுகாதாரச் சட்டம் என்றும் நாம் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நடப்பது. இரண்டாவது ஊரையே சுற்றி வளைப்பது: குடிநீர், தொற்று, மருந்து விலை, மனநலக் காப்பகம், சுடுகாடு வரை. சுடுகாடு என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. அதன் பிறகு, இப்படித் தடுப்பதைக் குற்றமாக்க அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது கையில் எடுத்தது 1939ஆம் ஆண்டின் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத்தான். இந்தியாவில் அந்த வகையில் முதல் சட்டம் அது. முன்னோடிச் சட்டத்தை எழுதிய மாநிலம் நாம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு துறை வைத்திருக்கிறோமா என்றால் தேட வேண்டியிருக்கிறது.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அப்போது 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது. காப்பகத்துக்கு உரிமம் வேண்டும் என்று அதில் எழுதியும் இருந்தது. எழுதியிருந்ததை எடுத்துப் படிக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

மருந்து விஷயத்துக்கு வந்தால் சென்னைக்குப் பெருமையும் உண்டு, அவமானமும் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கான ‘கிளிவெக்’ மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை 2006இல் முதலில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று அந்த நிறுவனம் போட்ட வழக்கை 2007இல் தள்ளியது சென்னை உயர் நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய் விலையில் ஒரு மாத்திரை, அதே மூலப்பொருளில் உள்ளூர் நிறுவனங்கள் செய்தது பத்தாயிரத்துக்குள். வாதத்தின் உயிர்நாடி சட்டத்தில் இல்லை, வேதியியலில் இருந்தது. புதிய படிக வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்கிறார்களே, அப்படிச் சேர்வது நோயைக் கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்று ஆகுமா? ஆகாது, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இந்தக் கேள்வியைக் கேட்க அந்த வக்கீல்கள் மருந்தியலைப் புதிதாகப் படித்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான நோயாளிகளின் மாதச் செலவு அந்தப் படிப்பில் தொங்கியது.

அவமானம் 2025இல் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சோதித்தபோது அதில் டைஎத்திலின் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத பொருள் அது. இதே நச்சு 1972இல் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த வக்கீல்கள் மருந்து நிறுவனங்களின் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். மருந்து ஆய்வாளரின் பக்கம், இறந்த குழந்தையின் அப்பா பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

சரி, இன்று ஒரு டாக்டர் இதையெல்லாம் படிக்க ஆசைப்பட்டால் என்ன செய்வார்? பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி மருத்துவச் சட்டமும் அறமும் பற்றி ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பைத் தொலைநிலையில் நடத்துகிறது. ஐதராபாத் நல்சாரிலும் அதுபோல் ஒன்று உண்டு. என் டாக்டர் நண்பர்கள் சிலர் படித்திருக்கிறார்கள், பயனடைந்தும் இருக்கிறார்கள். ஆனால் தொலைநிலை என்பது தனியாகப் படிப்பது. டாக்டர் தன் வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புகளைப் படிக்கிறார், வக்கீல் தன் வீட்டில் உட்கார்ந்து அதே தீர்ப்புகளைப் படிக்கிறார். ஒருவரையொருவர் பார்க்காமலே இருவரும் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள்.

முழுநேர எல்.எல்.எம். படிக்கலாமே என்றால், முதலில் எல்.எல்.பி. வேண்டும். இருபது வருடம் அனுபவம் உள்ள ஒரு சிறுநீரக மருத்துவர், உறுப்பு தானச் சட்டத்தைப் பற்றி ஆழமாகப் படிக்க விரும்பினால், சொத்து மாற்றச் சட்டத்தையும் வரிச் சட்டத்தையும் மூன்று வருடம் படித்துவிட்டு வர வேண்டும். பிரிட்டனில் எடின்பரோ, மான்செஸ்டர் போன்ற பல்கலைக்கழகங்களின் மருத்துவச் சட்ட முதுநிலை வகுப்புகளில் டாக்டரும் வக்கீலும் நர்ஸும் ஒன்றாக உட்காருகிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இதற்கென்று ஒரு மையம் 1978லேயே தொடங்கிவிட்டது. நம் ஊரில் கதவுக்கு வெளியே காவல் போட்டிருக்கிறோம்.

அந்தக் கதவைத் தட்டிப் பார்த்த ஒருவரின் கதை சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. மும்பையில் தொழில் செய்துகொண்டிருந்த டாக்டர் ஹனிராஜ் சுலானி முறைப்படி சட்டமும் படித்து, வக்கீலாகப் பதிவு செய்யப் போனார். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு வா என்றது பார் கவுன்சில். 1996இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காலையில் தியேட்டர், மதியம் நீதிமன்றம் என்று இரண்டு படகில் கால் வைக்க முடியாது என்பதில் நியாயம் இருக்கலாம். எனக்கு அதில் சண்டை இல்லை. இரண்டு தொழிலையும் ஒருவரே செய்ய வேண்டாம், இரண்டு பேர் ஒரு வகுப்பில் உட்காரக் கூடாதா என்பதுதான் கேள்வி.

சென்னையின் பழைய வரைபடம் இந்த விஷயத்தில் ஒரு கேலிச்சித்திரம். 1835இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பூங்கா நகரில். சட்டக் கல்லூரியின் சிவப்புக் கட்டடம் உயர் நீதிமன்ற வளாகத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். நூறு வருடத்துக்கு மேல் இரண்டு கல்லூரி மாணவர்களும் பாரிமுனைக் கடைகளில் பக்கத்தில் பக்கத்தில் நின்று டீ குடித்திருப்பார்கள். ஒரு பாடம் சேர்ந்து படித்ததாகத் தெரியவில்லை. 2018இல் சட்டக் கல்லூரியைப் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். இனி டீயும் சேர்ந்து குடிக்க முடியாது.

ஆனாலும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கிண்டியில் இருக்கிறது, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பெருங்குடியில் இருக்கிறது. இரண்டும் மாநில அரசுடையவை. துணைவேந்தர்கள் இருவரும் கையெழுத்திட்டால், இரண்டாண்டு மாலைநேர முதுநிலைப் பட்டம் ஒன்றைக் கூட்டாக நடத்த முடியும். பெயர் எல்.எல்.எம். என்று இருக்க வேண்டியதில்லை. அந்த எழுத்துகளுக்காகத்தான் பார் கவுன்சிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பாதி இடம் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கு, பாதி இடம் சட்டம் படித்தவர்களுக்கு. முதல் மூன்று மாதம் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் அரிச்சுவடி: வக்கீல்கள் வார்டில் ரவுண்ட்ஸ் போக வேண்டும், கேஸ் ஷீட், அனஸ்தீசியா சார்ட், ஏ.ஆர். காப்பி எனும் விபத்துப் பதிவேட்டு நகல் எல்லாம் படிக்கப் பழக வேண்டும். டாக்டர்கள் நுகர்வோர் ஆணையத்தின் பின் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வாய்தா எப்படி ஆறு வருடமாகிறது என்று பார்க்க வேண்டும். தேர்வில் கட்டுரை வேண்டாம். முடிந்துபோன வழக்கு ஒன்றின் முழுக் கட்டைக் கொடுத்து, எங்கே தவறியது, எந்தப் படிவத்தை மாற்றினால் தவறாது என்று கேளுங்கள். மொழி தமிழ். ஆங்கிலத் தீர்ப்பு படிக்கலாம். ஆனால் விடை தமிழில் வர வேண்டும், ஏனென்றால் நோயாளிக்கு விளங்க வேண்டிய மொழி அதுதான்.

இதைச் சொன்னால் டாக்டர்கள் தரப்பில் ஒரு பயம் எழுகிறது. சட்டம் படித்த டாக்டர் கைநடுங்கி ஆகிவிடுவார், தேவையில்லாமல் ஸ்கேன் எழுதுவார், சிக்கலான கேஸை வாசலிலேயே திருப்பி அனுப்புவார் என்கிறார்கள். என் அனுபவத்தில் நடுங்குவது சட்டம் தெரியாத கைதான். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணக் கவனக்குறைவுக்கு டாக்டர் மேல் குற்ற வழக்கு போட முடியாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும், அதற்கும் முன்னால் வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தை வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அரண் கட்டிக் கொடுத்தது. அப்படி இருந்தும் 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தபோது, டாக்டர் மேல் கொலை வழக்கு பதிவானது. அந்தப் பெண் டாக்டர் தற்கொலை செய்துகொண்டார். கொலைப் பிரிவில் வழக்கு எழுதிய போலீசாருக்கும் தீர்ப்பு தெரியவில்லை. அது நிற்காது, நீங்கள் தைரியமாக இருங்கள் என்று அவருக்கு அன்றிரவு சொல்ல, பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் கவனக்குறைவால் மரணத்துக்கு ஐந்தாண்டு வரை, சிகிச்சையின்போது என்றால் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை என்று பிரித்திருக்கிறார்கள். இதன் பொருள் என்ன, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ராத்திரி டியூட்டி பார்ப்பதுதான் நடுக்கம்.

எங்கள் வக்கீல்கள் மேல் உள்ள சந்தேகத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கேஸ் ஷீட் படிக்கத் தெரிந்தால் வக்கீல் இன்னும் நிறைய வழக்குப் போடுவான் என்கிறார்கள். போடலாம். ஆனால் கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு, ‘இதில் டாக்டர் மேல் தப்பில்லை அம்மா, வழக்கு வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பிய குடும்பங்களும் எனக்கு உண்டு. படிக்கத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்கெல்லாம் வக்காலத்து வாங்கி, ஆறு வருடம் அலையவிட்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகம் வரும்போது வரட்டும் என்று எங்கள் ஊரில் சில பேர் சனிக்கிழமை மாலைகளில் கூடுகிறோம். நாலு வக்கீல், மூன்று டாக்டர், ஓய்வுபெற்ற ஒரு நர்சிங் சூப்பரிண்டெண்ட். ஒரு வாரம், பித்தப்பை ஆபரேஷனுக்குத் தமிழில் சம்மதப் படிவம் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். அந்த ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தது நான்தான். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. வக்கீல்கள் நாங்கள் நாலரைப் பக்கம் எழுதியிருந்தோம். டாக்டர்கள் மூன்று வரி எழுதி, அதிலும் ஒரு வரியை அடித்திருந்தார்கள். இரண்டையும் வெட்டி ஒட்டி ஒரு பக்கமாக்கி, திருப்தியோடு சூப்பரிண்டெண்ட் அம்மாவிடம் நீட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“நல்லாத்தான் சார் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு இதை யாரு அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவாங்க?”

ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பேனாவை அவரிடமே கொடுத்தோம். தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தின் தலையில் அவர் ஒரு கட்டம் போட்டு அதற்குள் எழுதினார்: ‘நோயாளிக்குப் படித்துக் காட்டியவர் பெயர், நேரம்.’